ஆலைக்குள் மனிதரைக் கண்ட முதலாளி – றொபேட் ஓவன்



புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் என்று மலர்க்குழுவில் இருக்கிற அண்ணை தை மாதமே கேட்டுவிட்டார். நான் எழுத்தாளன் இல்லை. ஏ.எல். எழுதிப்போட்டு ஊரை விட்டு வெளிக்கிட்டவன். கிளாஸ்கோவிலே ஒரு சாப்பாட்டுப் பக்டரியில் லைனில் நின்று பெட்டி அடுக்குகிறவன். கவிதையும் கதையும் எனக்கு வராது. ஆனால் போன வருடக் கோடை விடுமுறையிலே எங்கட சங்கத்தால் பஸ் பிடித்து நியூ லனார்க்குக்குப் போனோமே, அங்கே கண்ட ஒரு சின்ன மரக்கட்டை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதைச் செய்வித்த மனிதரைப் பற்றி எழுதலாம் என்று துணிந்தேன்.

அன்று வந்தவர்களுக்கு நினைவிருக்கும். மலைச்சரிவில் இறங்கிப் போனால் கிளைட் ஆற்றங்கரையிலே பெரிய பெரிய கல் ஆலைகள். எங்கட கிளாஸ்கோ நகரத்துக்குள்ளே ஓடுகிற அதே ஆறுதான். பிள்ளையள் நீர்வீழ்ச்சி பார்க்க ஓடினார்கள். பெரியவர்கள் சோற்றுப் பார்சலைப் பிரிக்க இடம் தேடினார்கள். நான் மட்டும் ஆலைக்குள்ளே அந்தக் கட்டைக்கு முன்னால் நின்றுவிட்டேன். கைக்குள் அடங்கக்கூடிய சின்னக் கட்டை. நான்கு பக்கமும் நான்கு நிறம்: கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை. ஒவ்வொரு தொழிலாளியும் நிற்கிற இடத்தில் ஒரு கட்டை தொங்கும். முதல் நாள் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பொறுத்து ஒரு நிறத்தை முன்னுக்குத் திருப்பி விடுவார்கள். கறுப்பு என்றால் மோசம். நீலம் சுமார். மஞ்சள் நல்லது. வெள்ளை என்றால் மிகத் திறம். இதற்கு ஆங்கிலத்திலே மௌனமான கண்காணிப்பாளர் என்ற கருத்துள்ள பெயர் வைத்திருந்தார்கள்.

எங்கட லைனுக்கு மேலேயும் ஒரு விளக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு இத்தனை பெட்டி போனால் பச்சை. குறைந்தால் மஞ்சள். இன்னும் குறைந்தால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் சுப்பர்வைசர் வந்து நிற்பார். இருநூறு வருடத்துக்கு முந்தின கட்டையைக் கண்டதும், உதைக் கண்டுபிடித்த மனிசன் ஆர் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து, நூல்நிலையத்திலே புத்தகம் எடுத்து, வேலை முடிந்த இரவுகளிலே அகராதியையும் வைத்துக்கொண்டு வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் கோபம் ஒரு பக்கம் குறைந்தது. மரியாதை ஒரு பக்கம் கூடியது. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சி நின்றது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சேணக்காரரின் மகன்

றொபேட் ஓவன் 1771ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் திகதி வேல்ஸ் நாட்டிலே நியூடவுண் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பன் குதிரைச் சேணமும் இரும்புச் சாமானும் விற்றவர். ஊர்த் தபால் வேலையையும் பார்த்தவர். தாய் கமக்காரக் குடும்பத்துப் பெண். ஏழு பிள்ளைகளில் ஓவன் ஆறாவது.

சின்ன வயதிலே ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு எல்லோருக்கும் முதல் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்திலே கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை வாயில் ஊற்றிவிட்டார். மயங்கி விழுந்த பிள்ளை செத்துப்போச்சு என்றே தாய் தகப்பன் நினைத்தார்களாம். உயிர் தப்பினாலும் வயிறு வாழ்நாள் முழுக்கப் பலவீனமாகவே இருந்தது. எதையும் மெதுவாகச் சாப்பிட்டு, எது ஒத்துவரும் எது ஒத்துவராது என்று கவனித்துப் பார்க்கிற பழக்கம் அப்போதே தனக்கு வந்துவிட்டது என்று பிற்காலத்தில் அவரே தன் வாழ்க்கை வரலாற்றிலே எழுதியிருக்கிறார்.

ஏழு வயதிலேயே வாத்தியாருக்கு உதவியாகச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பத்து வயதோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டார். லண்டனில் இருந்த தமையனிடம் போய், அங்கிருந்து ஸ்டம்போட் என்ற ஊரிலே ஒரு புடவைக் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். முதல் வருடம் சம்பளம் இல்லை, சாப்பாடும் இடமும் மட்டும். இரண்டாம் வருடம் 8 பவுண், மூன்றாம் வருடம் 10 பவுண். கடை முதலாளி வீட்டிலே நல்ல புத்தகங்கள் இருந்தன. ஓவனின் பல்கலைக்கழகம் அதுதான்.

பிறகு லண்டன் பாலத்தடியிலே இன்னொரு புடவைக் கடை. காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் இரவு கடை பூட்டிய பிறகும் குலைந்து கிடக்கிற துணியெல்லாம் மடித்து வைக்க விடியப்புறம் இரண்டு மணியாகும். படியேறிப் படுக்கைக்குப் போகவே காலில் பலம் இராது. நான் வந்த புதிதிலே பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை செய்துவிட்டுக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறியதை இதை வாசித்தபோது நினைத்தேன். தொழிலாளியின் களைப்பு என்னவென்று ஓவனுக்குப் புத்தகத்தால் தெரிந்ததல்ல.

மன்செஸ்டரும் பஞ்சாலையும்

பதினாறு, பதினேழு வயதில் மன்செஸ்டர் வந்தார். பள்ளிக்கூடத்திலே கைத்தொழிற் புரட்சி என்று பாடமாக்கினோமே, அதன் நடு இடம் அந்த நகரம். அதுவரை வீட்டிலே ராட்டினத்தில் நூற்ற நூலை இயந்திரம் நூற்கத் தொடங்கியிருந்தது. ஓவன் தமையனிடம் 100 பவுண் கடன் வாங்கி, ஒரு கம்மியரோடு பங்கு சேர்ந்து நூற்பு இயந்திரம் செய்து விற்றார். அது பிரிந்த பிறகு சொந்தமாகச் சில இயந்திரங்களை வைத்து நூல் நூற்றார்.

இருபது வயதளவிலே பீற்றர் டிறிங்வோட்டர் என்ற பெரிய ஆலை முதலாளிக்கு மனேஜர் தேவைப்பட்டது. ஓவன் வருடத்துக்கு 300 பவுண் கேட்டார். வந்த மற்றவர்கள் அவ்வளவு கேட்கவில்லை. ஆனால் தன்னுடைய சின்னத் தொழிலில் அவ்வளவு உழைக்கிறேன் என்று கணக்கைக் காட்ட, வேலை கிடைத்தது. ஏறக்குறைய 500 பேர் வேலை செய்த ஆலை. முதல் ஆறு கிழமையும் ஒருத்தருக்கும் ஒரு கட்டளையும் போடவில்லை. காலையில் முதல் ஆளாக வந்து, இரவில் கடைசி ஆளாகக் கதவைப் பூட்டிக்கொண்டு போவார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார். பேந்துதான் ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினார். எங்களுக்கு மேலே வருகிற புது மனேஜர்மார் இதைக் கொஞ்சம் படித்தால் நல்லது!

அந்தக் காலத்து ஆலை எப்படி இருந்தது என்று சொல்லாவிட்டால் ஓவன் செய்தது விளங்காது. ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 13, 14 மணித்தியாலம் வேலை. அறுந்த நூலை முடிச்சுப் போடுவதும், ஓடுகிற இயந்திரத்துக்குக் கீழே தவழ்ந்து பஞ்சுத்தூசு கூட்டுவதும் அவர்கள் வேலை. நூல் அறாமல் இருக்க ஆலைக்குள்ளே சூடும் ஈரமும் வேண்டும் என்பதால் சன்னல்களைப் பூட்டியே வைப்பார்கள். பறக்கிற பஞ்சு நெஞ்சுக்குள் போய் இருமல். தூங்கி விழுந்தால் அடி. அநாதைப் பிள்ளைகளைத் தரும விடுதிகளே ஆலைகளுக்குக் கூட்டமாக அனுப்பி வைத்தன. சாப்பாட்டுச் செலவு மிச்சம் என்பதுதான் அவர்கள் கணக்கு.

மன்செஸ்டரிலே ஆலைக் காய்ச்சல் பரவியபோது, டொக்டர் தோமஸ் பேர்சிவல் என்பவர் முன்னின்று 1796இல் ஒரு சுகாதாரக் குழுவை அமைத்தார். ஆலைகளிலே பிள்ளைகள் படுகிற பாட்டை முதலில் ஒழுங்காக எழுதிவைத்தவர்களில் அந்தக் குழுவும் ஒன்று. ஓவனும் அதிலே இருந்தார்.

கிளைட் ஆற்றங்கரை

வியாபார விசயமாகக் கிளாஸ்கோ வந்த இடத்திலே கரோலைன் டேல் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவருடைய தகப்பன் டேவிட் டேல்தான் 1786இல் நூற்கத் தொடங்கிய நியூ லனார்க் ஆலைகளின் சொந்தக்காரர். ஓவனும் பங்காளிகளும் ஆலையை 60,000 பவுணுக்கு வாங்கினார்கள். பணத்தை இருபது வருடத்தில் கட்டி முடிப்பதாக ஒப்பந்தம். 1799 செப்டெம்பரில் கலியாணம். 1800 ஜனவரி முதலாந் திகதி ஓவன் நிர்வாகத்தைக் கையேற்றார்.

அங்கே வேலை செய்த சனம் ஆர் என்று பார்த்தால் எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஸ்கொட்லாந்தின் வட மலைநாட்டிலே காணியை இழந்து வந்த சனம் கனபேர். 1791இல் ஸ்கை தீவிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட ஒரு கப்பல் புயலில் அடிபட்டுக் கிறீனொக் துறைமுகத்துக்குத் திரும்பி வந்தது. அதில் இருந்தவர்களுக்கு டேல் வேலையும் வீடும் தருவதாகச் சொல்ல, பலர் நியூ லனார்க்கிலே தங்கினார்கள். அவர்கள் பேசியது கேலிக் மொழி. போக நினைத்த இடம் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் இன்னொன்று. எங்களில் எத்தனை பேருடைய கதை இது!

ஆலைக் கிராமத்திலே ஏறக்குறைய 2,000 பேர். அதில் 500 பேர் அளவில் எடின்பரோ, கிளாஸ்கோ தரும விடுதிகளிலிருந்து வந்த பிள்ளைகள். டேல் நல்ல மனிதர். அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடும் சுத்தமான படுக்கையும் கொடுத்தவர், இரவுப் பள்ளிக்கூடமும் வைத்தவர். ஆனால் காலை ஆறு மணி தொடக்கம் இரவு ஏழு மணி வரை ஆலையில் நின்ற பிள்ளை பள்ளிக்கூடத்தில் போய் என்ன படிக்கும்? வாங்கிலேயே நித்திரை. ஒருவரின் நல்ல மனது மட்டும் போதாது, நேரத்தைக் குறைக்காமல் மற்றது எதுவும் பலிக்காது என்று ஓவன் கண்டது இங்கேதான்.

அவர் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரும விடுதிப் பிள்ளைகளை எடுப்பதை நிறுத்தினார். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்குச் சேர்ப்பதையும் நிறுத்தினார். அடிக்கிறதை நிறுத்தினார். வீடுகளைப் பெருப்பித்தார், தெருவைச் சுத்தமாக்கினார். முன்பு கிராமத்துக் கடைக்காரர்கள் கூடாத சாமானைக் கடனுக்குக் கொடுத்துக் கொள்ளை விலை எடுப்பார்கள். ஓவன் ஆலைக்கென்றே ஒரு கடை திறந்து, நல்ல சாமானை மொத்தமாக வாங்கிக் கொஞ்ச இலாபத்தோடு விற்றார். அந்த இலாபமும் பள்ளிக்கூடத்துக்கே போனது. சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கு நோய்நொடி நிதிக்குப் பிடிக்கப்பட்டது. வருத்தம் வந்தாலும் வயது போனாலும் அதிலிருந்து உதவி. வேலை நேரம் படிப்படியாகக் குறைந்து 1816 அளவில் இடைவேளை கழித்து ஏறக்குறைய 10½ மணித்தியாலம் ஆனது.

தொழிலாளர்கள் ஓவனை உடனே நம்பிவிடவில்லை. வேல்ஸ் நாட்டுக்காரன், ஆங்கிலம் வேறு மாதிரிக் கதைக்கிறான், இன்னும் பிழிந்தெடுக்கத்தான் வந்திருக்கிறான் என்றே நினைத்தார்கள். வீடு வீடாகச் சுத்தம் பார்க்க வந்த குழுவினருக்குப் பெண்கள் மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர் என்று பட்டம் வைத்தார்கள். அந்தப் பெண்கள் மேல் எனக்குப் பெரிய விருப்பம். ஆரும் வந்து எங்கட குசினியைத் திறந்து பார்த்தால் எங்கட அம்மாமார் சும்மா விடுவார்களா?

நம்பிக்கை வந்தது ஒரு கஷ்ட காலத்திலே. பிரித்தானியாவோடு ஏற்பட்ட தகராறில் அமெரிக்கா தன் துறைமுகங்களை மூடப் பஞ்சு வரவில்லை. மற்ற ஆலைகள் கதவைப் பூட்டித் தொழிலாளரைத் தெருவில் விட்டன. ஓவனும் இயந்திரங்களை நிற்பாட்டினார். ஆனால் நான்கு மாதமும் முழுச் சம்பளம் கொடுத்தார். இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருப்பது மட்டுமே வேலை. அதற்கான செலவு 7,000 பவுணுக்கு மேல். அதற்குப் பிறகு சனம் அவரைத் தங்கட ஆளாகப் பார்த்தது.

இங்கே இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த அமெரிக்கப் பஞ்சைப் பறித்தவர்கள் கறுப்பின அடிமைகள். நியூ லனார்க்கின் நல்ல வீடுகளும் நல்ல பள்ளிக்கூடமும் அந்தப் பஞ்சிலிருந்தே வந்தன. ஒரு இடத்து மனிதத் தன்மைக்கு இன்னொரு இடத்துச் சனம் விலை கொடுத்திருக்கிறது.

மௌனக் கட்டையும் இந்தக் காலத்ததுதான். அடியையும் ஏச்சையும் நிறுத்திய இடத்துக்கு அதை வைத்தார். நிறம் பிழையாகப் போடப்பட்டது என்று நினைத்தால் தொழிலாளி நேரே ஓவனிடம் போய் முறையிடலாம். எங்கட விளக்குக்கு அந்த வசதி இல்லை!

பங்காளிகளோடு ஓவனுக்குப் பிணக்கு வந்தது. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் எங்கட காசையா செலவழிக்கிறாய் என்பதே அவர்கள் கேள்வி. 1813இல் ஆலை ஏலத்துக்கு வந்தது. ஓவன் புதிய பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு 114,100 பவுணுக்கு எடுத்தார். ஜெரமி பெந்தம் என்ற தத்துவஞானியும், வில்லியம் அலன் என்ற குவேக்கர் சமயத்தவரும் அதில் இருந்தார்கள். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் மட்டும் எடுப்பது, மிச்சம் கிராமத்து நன்மைக்கு என்று ஒப்பந்தம். அவர் திரும்பி வந்த நாளிலே சனம் குதிரைகளைக் கழற்றிவிட்டு வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு வந்தது.

பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

1816 ஜனவரி முதலாந் திகதி அவர் திறந்த நிலையம் அந்தக் காலத்திலே பெரிய புதுமை. நடக்கத் தொடங்கிய பிள்ளையைக்கூடச் சேர்த்துக்கொண்டார்கள். பிரித்தானியாவின் முதலாவது பாலர் பள்ளி என்று அதைச் சொல்வார்கள். அடி இல்லை, ஏச்சு இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகச் சுமையும் இல்லை. பாட்டு, ஆட்டம், மரம் செடி, பெரிய படங்கள், தேசப்படம். முதல் ஆசிரியர்களாக எடுத்தது பட்டம் பெற்றவர்களை அல்ல. ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளியையும், மொலி யங் என்ற 17 வயதுப் பெண்ணையும் பிள்ளைகள் மேல் அன்பும் பொறுமையும் உள்ளவர்கள் என்று பார்த்து எடுத்தார். பகலில் பிள்ளைகள், இரவில் பெரியவர்கள் படித்தார்கள். ருசியாவின் இளவரசர் நிக்கலஸ் உட்பட ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள்.

ஓவனின் கொள்கை மிகவும் எளியது. மனிதன் தன் குணத்தைத் தானே செய்துகொள்வதில்லை, அவனைச் சுற்றியுள்ள நிலைமையே அதைச் செய்கிறது என்பதுதான். கள்ளனையும் குடிகாரனையும் தண்டிப்பதற்கு முதல், அவனை அப்படி ஆக்கிய நிலைமையை மாற்றுங்கள் என்று சொன்னார். அகதிப் பிள்ளைகளைப் பற்றி ஆரும் குறைவாகக் கதைக்கிறபோது எனக்கு இது நினைவு வரும்.

சட்டத்துக்காக அலைந்த காலம்

தன்னுடைய ஒரு ஆலையைத் திருத்தினால் போதாது என்று 1815இல் சட்டம் கேட்டுப் புறப்பட்டார். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வேலை கூடாது, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 10½ மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, சட்டத்தைப் பார்க்கச் சம்பளம் பெறுகிற பரிசோதகர்கள் வேண்டும் என்பது அவர் கேட்டது. தானும் ஆலை முதலாளியான சேர் றொபேட் பீல் பாராளுமன்றத்திலே மசோதாவைக் கொண்டுவந்தார். 1816இல் ஓவன் குழுவுக்கு முன்னால் சாட்சி சொன்னார். முதலாளிமார் விடவில்லை. பிள்ளைகள் வேலை செய்யாவிட்டால் சோம்பேறியாகிக் கெட்டுப்போவார்கள் என்றும், வெளிநாட்டுப் போட்டியில் தொழில் அழிந்துபோகும் என்றும் வாதாடினார்கள். சிலர் ஓவனில் பிழை பிடிக்க லனார்க்குக்கே போய்ப் பாதிரியாரிடம் விசாரித்தார்கள்.

கடைசியில் 1819இல் வந்த சட்டம் மெலிந்த சட்டம். பஞ்சாலைக்கு மட்டும். ஒன்பது வயதுக்குக் கீழே வேலை கூடாது, பதினாறு வயது வரை 12 மணித்தியாலம். பரிசோதகர் இல்லை. அதனால் அதை மதித்தவர்கள் குறைவு. ஆனாலும் கதவு திறந்துவிட்டது. வடக்கு இங்கிலாந்திலே ஆலைத் தொழிலாளர்கள் குறுகிய நேரக் குழுக்களை அமைத்தார்கள். 1830இல் றிச்சட் ஓஸ்ட்லர் யோக்சயர் ஆலைப் பிள்ளைகளின் நிலை அடிமைத்தனம் என்று பத்திரிகையில் எழுதினார். 1833இல் பரிசோதகர்களோடு கூடிய சட்டம் வந்தது. முழு நாட்டுக்கும் நான்கே பேர். 1847இல் பெண்களுக்கும் இளவயதினருக்கும் 10 மணித்தியாலச் சட்டம் வந்தது. ஓவன் கேட்டதற்கு அண்மையாக வர முப்பது வருடத்துக்கு மேல் சென்றது.

எல்லாத் தொழிலாளரும் மனுக் கொடுத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. 1811 தொடக்கம் நொட்டிங்காம், யோக்சயர் பக்கங்களிலே லட்டைற் என்று பெயர் பெற்றவர்கள் தங்கட பிழைப்பைக் கெடுத்த இயந்திரங்களை உடைத்தார்கள். இயந்திரம் உடைப்பதற்கு 1812இல் மரண தண்டனை வந்தது. 1819 ஓகஸ்ட் 16ஆம் திகதி மன்செஸ்டர் பீற்றர் மைதானத்திலே வாக்குரிமை கேட்டுக் கூடிய சனத்துக்குள்ளே குதிரைப் படை வாளோடு புகுந்தது. கூட்டத்துக்குள் படை புகுந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு ஒருத்தரும் விளக்கத் தேவையில்லை.

தோல்விமேல் தோல்வி

1817இல் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்திலே ஓவன் சமயங்களைக் கண்டித்துப் பேச, அதுவரை புகழ்ந்த பெரிய மனிதர்கள் ஒதுங்கினார்கள். 1825இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலே நியூ ஹார்மனி என்ற ஊரை விலைக்கு வாங்கி, எல்லோருக்கும் எல்லாம் பொதுவான சமுதாயம் அமைக்கப் போனார். வேலை செய்ய வந்தவர்களைவிடக் கதைக்க வந்தவர்கள் கூட. 1827க்குள் அது குலைந்தது. அவருடைய செல்வத்தில் பெரும் பங்கு அங்கே கரைந்தது. பிள்ளைகளில் பலர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது அவர் முதலாளி இல்லை. தொழிலாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 1832இல் லண்டனில் உழைப்புப் பரிமாற்ற நிலையம் திறந்தார். செருப்புச் செய்தவர் செருப்பைக் கொடுத்து, அதற்குச் சென்ற மணித்தியாலத்தை எழுதிய தாளை வாங்கிக்கொண்டு, அந்தத் தாளால் தையற்காரர் செய்த சட்டையை வாங்கலாம். 1834இல் அதுவும் பூட்டுப்பட்டது. அதே வருடம் பல தொழில்களையும் ஒன்றாக்கிய மாபெரும் தேசிய ஒன்றிணைந்த தொழிற்சங்கம் உருவாக, ஓவன் அதன் முன்னணியில் நின்றார். சங்கத்தில் இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் வேலை என்று முதலாளிமார் பல இடங்களில் கதவடைத்தார்கள். டோசற் மாவட்டத்து டொல்படிள் கிராமத்திலே ஆறு விவசாயக் கூலிகளுக்குச் சங்கம் சேர்ந்து சத்தியம் செய்த குற்றத்துக்காக ஏழு வருட நாடுகடத்தல் தண்டனை. அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலில் ஏற்றினார்கள். 1834 ஏப்ரல் 21ஆம் திகதி லண்டனிலே அதை எதிர்த்துப் பெரும் ஊர்வலம் போனது. ஓவனும் அதில் போனார். 1836இல் அவர்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் அந்தத் தொழிற்சங்கம் 1834 முடியமுன்னமே குலைந்துபோனது.

சங்கக்கடை

இவ்வளவும் தோல்வியென்றால் ஓவனை ஏன் நினைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பதில் எங்கட ஊரிலேயே இருக்கிறது.

1844 டிசெம்பர் 21ஆம் திகதி, மன்செஸ்டருக்குப் பக்கத்திலே றொச்டேல் என்ற நெசவு நகரத்தில், ரோட் லேன் என்ற தெருவிலே 28 பேர் சேர்ந்து 28 பவுண் முதலோடு ஒரு கடை திறந்தார்கள். நெசவாளிகளும் வேறு சின்னத் தொழிலாளிகளும். அவர்களில் பலர் ஓவனின் கருத்தைப் படித்தவர்கள். மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ், கொஞ்ச மெழுகுதிரி. சரியான நிறை, கலப்படம் இல்லை, ஆளுக்கொரு வாக்கு, இலாபம் வாங்கினவர்களுக்கே. அந்தச் சின்னக் கடையின் விதிகள்தான் உலகம் முழுக்கப் பரவிய கூட்டுறவின் அடிப்படை. 1911இல் இலங்கையிலே கூட்டுறவுச் சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து உணவுப் பங்கீட்டோடு எங்கட ஊர்ச் சந்திகளிலே சங்கக்கடைகள் முளைத்தன.

2006 ஆவணியில் ஏ-9 பாதை பூட்டியபோது எனக்கு ஓ.எல். காலம். குடும்ப அட்டையைப் பிடித்துக்கொண்டு சங்கக்கடை வாசலில் விடியவே போய் நிற்பேன். தனியார் கடையில் சீனி விலை நினைக்க முடியாது. சங்கக்கடையிலே அளவுதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு. மனேஜர் ஐயா தராசை எங்கட கண்ணுக்கு முன்னால் பிடிப்பார். அந்தத் தராசுக்கும், ரோட் லேன் நெசவாளிகளுக்கும், நாங்கள் பஸ்ஸில் போய்ப் பார்த்த அந்த ஆலைக் கடைக்கும் தொடர்பு இருக்கிறது என்று எனக்கு முப்பது வயது கடந்த பிறகுதான் தெரிந்தது.

ஓவன் கடைசி வரை ஓயவில்லை. 1858இல், 87 வயதில், லிவர்பூலிலே பேசப் போன இடத்தில் சுகவீனமானார். பிறந்த ஊருக்குக் கொண்டுபோகச் சொன்னார். பத்து வயதில் விட்டு வந்த நியூடவுணிலே நவம்பர் 17ஆம் திகதி கண்ணை மூடினார். தாய் தகப்பனுக்குப் பக்கத்திலே அடக்கம் செய்தார்கள். கடைசியில் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பாக்கியம் அவருக்கு இருந்தது. நியூ லனார்க் ஆலை 1968 வரை ஓடியது. 2001இல் உலக மரபுரிமைச் சின்னமானது.

மிஞ்சிய கேள்வி

நல்ல முதலாளி கிடைத்தால் போதுமா என்பதுதான் எனக்கு மிஞ்சிய கேள்வி. ஓவன் தொழிலாளரை நேசித்தார். ஆனால் நியூ லனார்க்கிலே அவர்களிடம் கேட்டு எதையும் செய்யவில்லை. பிள்ளைகளை வளர்க்கிற மாதிரி வளர்த்தார். கட்டையைத் திருப்புகிற கை எப்போதும் மேலேயே இருந்தது. அவர் கொடுத்த சம்பளமும் நேரமும் அவர் இருந்த ஆலையோடு நின்றது. சட்டமாக எழுதப்பட்டதும், தொழிலாளர் தாங்களே கூடிச் செய்த கடையும்தான் எங்கட காலம் வரை வந்தது.

போன மார்கழியிலே எங்கட பக்டரியில் இரண்டாவது தேநீர் இடைவேளையை நிற்பாட்டினார்கள். லைன் விளக்கு அடிக்கடி சிவப்பாக எரிகிறது என்பது காரணம். எல்லோரும் உடுப்பு மாற்றுகிற அறையில் புறுபுறுத்தோம். ஏஜென்சியால் வந்த ஒரு எரித்திரியாப் பெடியன் மட்டும் தனியப் போய்க் கேட்டான். அடுத்த கிழமை அவனுக்கு ஷிப்ட் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. நான் அவனுக்குப் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கினவன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிள்ளை, வாடகை, ஊருக்கு அனுப்புகிற காசு, விசா என்று எனக்கு நானே காரணம் சொன்னேன்.

அந்த நாட்களில்தான் டொல்படிள் ஆறு பேரின் கதையை வாசித்துக்கொண்டிருந்தேன். எங்களோடு வேலை செய்கிற வயதான ஸ்கொட்லாந்து மனிசி ஒருவர் தொழிற்சங்கப் படிவத்தை எனக்குத் தந்து ஆறு வருடம். அது லாச்சிக்குள் கிடந்தது. தை மாதம் எடுத்து நிரப்பிக் கொடுத்தேன். மாசியில் ஒன்பது பேர் ஒன்றாகப் போய் மனேஜரோடு கதைத்தோம். என்ரை ஆங்கிலம் தடக்கியது. ஆனால் ஒன்பது பேருக்கும் ஷிப்டை நிற்பாட்டினால் லைன் ஓடாது என்று அவருக்கும் தெரியும். இடைவேளை திரும்பக் கிடைத்தது. விளக்கு இன்னும் எரிகிறது. அந்தப் பெடியன் திரும்பி வரவில்லை. அவனோடு அன்று நாங்களும் போயிருந்தால் அவன் இன்றும் லைனில் நின்றிருப்பான். இது பெரிய வெற்றிக் கதை இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கட சனத்திலே கனபேர் பக்டரியிலும் கடையிலும் துப்புரவு வேலையிலும் நிற்கிறோம். கிடைத்த வேலையைக் காப்பாற்றினால் போதும் என்று தலையைக் குனிந்து நிற்கப் பழகிவிட்டோம். நாங்கள் நிற்கிற இந்த மண்ணிலே வேலை நேரத்தையும் இடைவேளையையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் ஒருத்தரும் சும்மா தரவில்லை. அடுத்த முறை நியூ லனார்க் போனால் உங்கட பிள்ளையளை அந்தக் கட்டைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். சங்கக்கடையைப் பற்றியும் சொல்லுங்கள்.